முதலில் மனத்தாங்கல்

நவம்பர் 6, வியாழன்

அஞ்சலாட்சி இன்று என்னை இழுத்துக்கொண்டே போய்விட்டாள். டெலிபோன் எக்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி, இப்போது எதிர்வீடு. ஆக மொத்தம் இந்த ஜென்மத்தில் அவளிடமிருந்து எனக்கு விடுதலை இல்லை. "நீ வந்து சும்மா உக்காரு மங்கை, யாரும் உன்னக் கடிச்சிட மாட்டாங்க" என்றாள். ஆவி சம்பந்தப்பட்ட கூட்டம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் செருப்பே மாட்டியிருக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். செத்தவர்களுக்கும் லைன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

குருசுக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. மதாம் லெயோனி என்கிற அம்மாள் நடத்துகிறார். இங்கே பிறந்து, பிரான்சில் குடித்தனம் நடத்தி, கணவர் இறந்த பிறகு திரும்பி வந்தவர். ஸ்பிரிட்டிசம் என்று இதற்குப் பெயராம். உடுக்கை, வேப்பிலை எல்லாம் எதிர்பார்த்துப் போனேன். ஊதுபத்தி கூடக் கிடையாது. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு ஜக்கில் தண்ணீர், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். பேய் ஓட்டுகிற முகம் ஒன்று கூட இல்லை. எல்லாரும் ரேஷன் கடை வரிசையில் பார்க்கிற முகங்கள்.

"இங்க யாரையும் நாம கூப்புடுறதில்லம்மா. அவங்களா வந்தா வரட்டும். நம்ம வேல பிரார்த்தனை மட்டும்தான்" என்றார் மதாம். அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் ஒவ்வொருவரும் தனக்கு யார் மேல் மனத்தாங்கலோ அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு நல்லது கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உடம்போடு இருக்கிறவர்களுக்கு. கடைசியில் உடம்பை விட்டுப் போனவர்களுக்கு. "மனத்தாங்கல உள்ள வெச்சிக்கிட்டு கேட்டா, அது போய்ச் சேராது" என்றார். மனப்பாடமாக எதையும் சொல்லக்கூடாது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், மனதில் இல்லாததை வாய் சொன்னால் அது வெறும் சத்தம். இத்தனை சட்டம் எக்சேஞ்சில் கூடக் கிடையாது.

என் முறை வந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் மேல் மனத்தாங்கல் என்றேன். மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போகிறான். அவன் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த முறையில் இவர் பெயரைச் சொன்னேன். என் கணவர் தணிகாசலம், ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் போய்விட்டது, பேச்சு வந்தால் போதும்.

"நடக்க வேணாமா?" என்று மதாம் கேட்டார்.

"பேச்சு வந்தா போதும்."

எனக்கு இவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் வாங்காமல் இவரை அனுப்ப மாட்டேன். அதை அங்கே சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பிரார்த்தனையில் வைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினார்கள். ஸ்பூனால் கொடுத்தேன். பாதி உள்ளே, பாதி தலையணையில். தலையணை உறை தோய்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பெங்களூரிலிருந்து வேனில் போன் செய்தாள். "அம்மா, நீ அந்த ஆவிக் கூட்டத்துக்கெல்லாம் போறியாமே? அஞ்சலாட்சி ஆன்ட்டி ஸ்டேட்டஸ் போட்டிருக்காங்க" என்றாள். போனால் என்ன, உன் அப்பாவுக்குத்தான் போகிறேன் என்றேன். "அப்பாவுக்கு ஃபிசியோதெரபி கரெக்டா நடக்குதா, அத சொல்லு" என்றாள். நடக்கிறது. சின்னய்யன் தினம் காலையில் வந்து இவரைக் குளிப்பாட்டி, கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறான். ஒன்பது மணி என்றால் பத்தே முக்காலுக்கு வருவான். அதுவரை இவர் ஈரத்தில் கிடக்கக் கூடாதென்று நானே எல்லாம் செய்துவிடுகிறேன். பிறகு அவன் எதற்கு வருகிறான் என்று தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் இன்று "ஆ" சொல்லச் சொன்னாள். இவர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. எனக்கு அவர் கன்னத்தில் இரண்டு போட வேண்டும் போலிருந்தது. பிறகு எனக்கே கஷ்டமாகி, பால் ஆற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஆட்டோ பிடித்துப் போனோம்.

என் மனத்தாங்கல்: எக்சேஞ்ச் சூப்பர்வைசராக இருந்த அம்மாள். தீபாவளிக்கு லீவு தர மாட்டார். இப்போது மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். எங்கிருந்தாலும் சுகமாக இருக்கட்டும்.

கடைசிப் பகுதியில் ஒரு விஷயம் நடந்தது, அதை எழுதி வைக்க வேண்டும். ஏகாம்பரம் என்று ஒருவர் வருகிறார். எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார், வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர். போனவர்களுக்காகப் பிரார்த்தனை நடக்கும்போது அவர் இடது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சில நாள் கை அதுவாக எழுதுமாம். போன வாரம் எழுதவில்லை. இன்று எழுதியது. மகளைப் பறிகொடுத்த ஒரு தாசில்தார் வருகிறார், அவருக்கு. "இருட்டு குறஞ்சிருக்கு, நீங்க சொல்றது கேக்குது" என்று நாலு வரி. தாசில்தார் காகிதத்தை நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அஞ்சலாட்சியிடம், "அது அந்தாளு கையெழுத்துதானடி" என்றேன்.

"கையி அவுருதுதான். நீ லைன் போட்டா பேசறது நீயா?" என்றாள்.

இவளுக்கு இப்படி எப்போதாவது ஒன்று அமைந்துவிடுகிறது.

நவம்பர் 20, வியாழன்

மனத்தாங்கல்: சின்னய்யன். காரணம் மேலே இருக்கிறது.

மதாம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மங்கை, உனக்கு ஊர்ல எல்லாரும் சின்னச் சின்னதாதான் தப்பு செய்யறாங்க போல" என்றார். மேசையைச் சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

நாத்தனார் செங்கமலம் வந்திருந்தாள். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள், பிறகு இடியாப்பம் கேட்டாள். பிழிந்து கொடுத்தேன்.

நவம்பர் 26, புதன்

நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரி. உணவு மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். நான்தான் ஊட்டினேன். மெதுவாகத்தான் ஊட்டினேன்.

டிசம்பர் 1, திங்கள்

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். பெங்களூரிலிருந்து வந்திருந்த வேனில் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பேச்சு இனிமேல் வராது என்பதுதான் மனதில் ஓடியது. மனைவிக்கு இப்படித் தோன்றலாமா என்று தெரியவில்லை, தோன்றியது.

டிசம்பர் 3, புதன்

மதாம் வீட்டுக்கே வந்தார். மாடி ஏற முடியாமல் ஏறி, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு மூச்சு இழுக்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது. நாம் பேசுவது கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு என்னைக் கூடத்துக்கு அழைத்து வந்து சொன்னார். போகிற நேரத்துக்கென்று ஒரு பிரார்த்தனை உண்டு. குணமாக்கு என்று கேட்பதில்லை, சுலபமாகப் போகட்டும் என்று வழியனுப்புவது. அதைக் கூட்டமாகச் சேர்ந்து சொல்லிப் பயனில்லை, ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

"உடம்புக்கும் உசுருக்கும் நடுவுல உள்ள முடிச்ச அவுக்கறது மேல இருக்கறவங்க வேல. ஆனா இங்க யாராவது ஒரு நுனிய கையில பிடிச்சிக்கிட்டு இருப்பாங்க. அவங்க விடணும். அவங்க சொன்னாதான் அது பிரார்த்தனை."

"நான்தானே பொண்டாட்டி. நான் சொல்றேன்."

"பொண்டாட்டிங்கறதுக்காக சொல்லாதம்மா. பிடிச்சிருக்கறவங்க யாருன்னு பாத்து சொல்லு."

அவர் போன பிறகு சொன்னேன். இவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போய் வாருங்கள், வேனிலை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒன்றும் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன். நல்ல வார்த்தைகள்தான். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, வங்கியில் தானாகப் பேசுகிற பெண் குரல் மாதிரி இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

மறுபடி சொன்னேன். நேற்றும் சொன்னேன். இழுப்பு அப்படியே இருக்கிறது. நேற்றைய கூட்டத்துக்குப் போகவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வீடு நிறைய ஆள். செங்கமலம் பாலை ஊற்றிப் பார்த்தாள். பிறகு சொந்த ஊர் நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து இரண்டு சொட்டு விட்டாள். நகையைத் தேய்த்த தண்ணீர் விட்டாள். எனக்குக் கோபம் வந்து, இன்னும் என்னென்ன கரைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"கோச்சிக்காத மங்கை. யாரையோ பாக்கணும்னுதான் உசுரு நிக்குது" என்றாள்.

கூடத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது அங்கே இருந்த குழந்தைகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். வேனில் எழுந்து சமையலறைக்குப் போனாள். இவளுக்கும் தெரியும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

நான் இந்த விஷயத்தை இத்தனை வருடமாக யாரிடமும் பேசியதில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். வேனில் நாலாவது படித்த வருடம். டிரங்க் கால் எல்லாம் எங்கள் கையால் போட்டுக் கொடுத்த காலம். இவர் வேலை பார்த்த மில்லிலிருந்து ஒரு கால், காரைக்கால் நம்பர் வேண்டும் என்று. இவர் குரல். என் குரலை இவருக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து வருடம் ஒன்றாகப் படுத்து எழுந்த பிறகும் தெரியவில்லை. லைன் போட்டேன். லைன் சேர்ந்ததா என்று ஒரு வினாடி கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், அதுதான் விதி. அந்த ஒரு வினாடியில் இவர், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

என்னிடம் இவர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். யார் அவள், ஏன், என்னிடம் என்ன குறை. இவர் கை கழுவிக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை மில் வேலை என்று காரைக்கால் போவார், வருவார். ரிட்டையர் ஆன பிறகு ஒரு நாள் போகாமல் நின்றுவிட்டார். அதற்கும் காரணம் சொல்லவில்லை.

பிடித்திருக்கிறவர்கள் யார் என்று பார் என்றாரே மதாம். பார்த்தேன். நான் இல்லை. அந்தக் காரைக்கால்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

காரைக்கால் போய் வந்தேன். வேனிலிடம் பேங்க் வேலை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ்ல ஜன்னல் பக்கமா உக்காராத, சாரல் அடிக்கும்" என்றாள். என் மகள்தான்.

சிதம்பரம் தாண்டி எல்லா வாய்க்காலும் நிரம்பி ஓடுகிறது. விலாசம் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் தெரியும், அந்த நம்பருக்குரிய விலாசத்தை எக்சேஞ்சிலேயே பார்த்து வைத்திருந்தேன். கதவைத் தட்டினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நீயே வழியனுப்பு என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய்விடுவது என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஜெயராக்கினி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் நினைத்து வைத்திருந்ததை விடக் கறுப்பு, குட்டை, முட்டி வலிக்காரி. என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. "வாங்கக்கா" என்றாள், நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தாள், டீ போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பிரார்த்தனை, நுனி, பிடித்திருப்பவர் விடுவது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவள் கடைசி வரை கேட்டாள்.

"நா எப்பவோ விட்டுட்டேன்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவரு ரிட்டையர் ஆயி வந்தாரு. அவருக்குக் குடும்பம் இருக்குங்கறது எனக்கு ஊரு சொல்லித்தான் தெரியும், அவரு சொல்லல. அன்னைக்குக் கேட்டேன், நா ஒங்களுக்கு யாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. பேசாம ஒக்காந்திருந்தாரு. மீன் கொழம்பு வச்சிருந்தேன், சாப்ட்டாரு. சாப்ட்டு முடிச்சதும் எழுந்திரிங்கன்னு சொல்லிட்டேன். கதவ சாத்துனதோட சரி. கொஞ்ச நாளு கோவமா இருந்துச்சு. அப்பறம் அதுவும் போயிருச்சு."

"நீ வந்து ஒரு தரம் பாத்தா..."

"வந்து என்னக்கா செய்ய? பிடிச்சிக்கிட்டு இருந்தாத்தானே விட முடியும். எம் மனசுல அவரப் பத்தி நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. இன்னைக்கு ராவு ஜெபமால சொல்லையில அவரு பேரையும் சேத்துக்கறேன், தெரிஞ்சவங்களுக்கு சொல்ற மாரி. அதுக்கு மேல சொன்னா பொய்யி." பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டே, "ஒங்ககிட்டயாவது ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. பரிதாபம்தான். என் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண், பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு முட்டியைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்து, சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தரங்கம்பாடி வரும்வரை நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

டிசம்பர் 10, புதன்

மூன்று நைட்டி, இரண்டு போர்வை, இவர் துணி. வெயிலே இல்லை. மின்விசிறியில் காய வைத்தேன்.

அவள் விட்டுவிட்டாள். செங்கமலத்துக்கு அழுவதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேனில் அப்பாவுக்கு வலி வேண்டாம், போகட்டும் என்று நேற்றே சொல்லிவிட்டாள். அப்படியானால் பிடித்திருப்பது யார்? கணக்குப் போட ஒன்றும் இல்லை.

பேச்சு வரட்டும் என்று அந்த மேசையில் கேட்டது நான். பதில் வாங்காமல் அனுப்ப மாட்டேன் என்று எழுதியதும் நான். பிரியம் உள்ளவர்தான் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு காரைக்கால் வரை அலைந்திருக்கிறேன். கோபமும் பிடிக்கும் போலிருக்கிறது. இன்னும் கெட்டியாகவே பிடிக்கும்.

டிசம்பர் 11, வியாழன்

போனேன். வேனிலை இவரிடம் உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

மனத்தாங்கல் முறை வந்தது. அஞ்சலாட்சி தன் மருமகளைச் சொன்னாள், வழக்கம் போல. அடுத்து நான்.

"தணிகாசலம்" என்றேன்.

யாரோ இருமினார்கள். அஞ்சலாட்சி என் பக்கம் திரும்பியது தெரிந்தது. உடம்போடு இருக்கிறவர்கள் முறை இன்னும் வரவில்லை, அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். மதாம் மட்டும் அப்படி நினைக்கவில்லை. "சொல்லும்மா" என்றார்.

"என் கணவர் தணிகாசலம் மேல எனக்கு மனத்தாங்கல். அவரு நல்லா இருக்கணும்" என்று சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது, இவருக்கு வந்த மாதிரி. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, ஜக்கில் இருந்த தண்ணீர் கூட அசையவில்லை. பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வேனிலை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை எதுவும் தேடவில்லை. அன்றைக்கு லைன் போட்டவள் நான்தான் என்று சொன்னேன். என்னிடம் என்ன குறை என்று இத்தனை வருடம் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். இந்தப் படுக்கையில் கூட நீங்கள் பிழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்டேன் என்று சொன்னேன். இனிமேல் கேட்க மாட்டேன். பதில் வேண்டாம். உங்களுக்கு மூச்சு முட்டுகிறது, பார்க்க முடியவில்லை. போங்கள்.

இவர் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவே வழியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துடைத்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

காலையில், சின்னய்யன் வருவதற்கு முன்னால், போய்விட்டார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, புதன்

எல்லாரும் வந்தார்கள், போனார்கள். நான் சரியாகத்தான் இருக்கிறேன். பாத்திரம் மாறிப் போயிருக்கிறது, யாருடைய தூக்குவாளி என்று தெரியவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

கருமாதி முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். வேனில் ராத்திரி வண்டிக்குக் கிளம்பினாள். "நீ எங்கூட வந்துடேன்மா" என்றாள். பிறகு பார்க்கலாம் என்றேன். கட்டிலைப் பிரித்து வைத்தாகிவிட்டது. அந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. அழுகை அங்கே நின்று பார்க்கும்போதுதான் வந்தது, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இவர் இல்லை, அதற்குத்தான்.

ஜனவரி 8, வியாழன்

ஒரு மாதம் கழித்து இன்று போனேன். மதாம் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

போனவர்கள் முறையில் இவர் பெயரைச் சொன்னேன். முதல் தடவை அந்தப் பகுதியில் சொல்கிறேன். எங்கே இருக்கிறாரோ அங்கே இருட்டு இல்லாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். அதை மனதோடுதான் சொன்னேன்.

அப்போது ஏகாம்பரத்தின் கை அசைந்தது. பென்சில் காகிதத்தில் உராய்கிற சத்தம் கேட்டது. முதலில் கிறுக்கல், பிறகு நின்று, பிறகு மெதுவாக. மதாம் குனிந்து பார்த்தார். என் பெயரின் முதல் எழுத்து என்றார்.

"அவரா வந்திருக்காரு போலம்மா. ஏதோ சொல்லணும்னு வந்திருக்காரு. பொறுமையா இரு, எழுதி முடிக்கட்டும்."

அஞ்சலாட்சி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். தாசில்தார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், இத்தனை நாளாக நான் அவரைப் பார்க்காமல் இருந்தேனே, அதைக் கொஞ்சமும் மனதில் வைத்துக்கொள்ளாமல் எனக்காகச் சந்தோஷப்பட்டார். பென்சில் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், எட்டிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அது ஏகாம்பரத்தின் மனம் எழுதுவதாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் ஒரு வார்த்தை இருந்தால் போதும் என்று கூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் உண்மையிலேயே அவராக இருந்தால்? உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், செத்த பிறகும் அதைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று அடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார் என்றால், அது நான் இன்னும் பிடித்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம். வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னது வெறும் சத்தமா, பிரார்த்தனையா என்பது இப்போதுதான் தெரியப் போகிறது.

"ஏகாம்பரம் தம்பி" என்றேன். "பென்சில கீழ வெச்சிடுங்க."

பென்சில் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல் விழித்தார்.

"மங்கை, என்ன செய்யற? ஒரு வரிதான், இப்ப முடிஞ்சிடும்" என்றாள் அஞ்சலாட்சி.

"அவரு சொல்ல வேணாம். அவருக்கு ஒரு பாக்கியும் இல்லன்னு சொல்லுங்க" என்றேன் மதாமிடம். "அப்பறம் எல்லாரும் அவருக்காக ஒரு தரம் கேளுங்க. எனக்குத் தனியா வராது."

கேட்டார்கள். நானும் கேட்டேன். ஏகாம்பரம் காகிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு எழுத்து எழுதியிருந்தது. மீதி என்னவாக இருந்திருக்கும் என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அது தெரிந்தேதான் சொன்னேன்.